மெதுவான அலைகளைக் கூட்டி வேகமான அலை: எக்செல்லில் மிகையலைவு வரைவது எப்படி?

ஒரு சிக்னலில் இருக்கும் மிக வேகமான அலையின் அதிர்வெண் 1 என்றால், அந்தச் சிக்னல் எங்கேயும் அதைவிட வேகமாக ஆடாது என்றுதான் தோன்றும். அது சரியல்ல. ஒரு குறுகிய பகுதியில் மட்டும், தனக்குள் இருக்கும் எந்த அலையையும்விட வேகமாக ஆடும்படி சிக்னலை அமைக்கலாம். இதுதான் சூப்பர் ஆஸிலேஷன் எனப்படும் மிகையலைவு. 1988இல் யாகிர் அஹரோனோவும் அவரது இணை ஆய்வாளர்களும் குவாண்டம் இயற்பியலில் பலவீன அளவீடு (அளக்கப்படும் பொருளை மிகக் குறைவாகவே கலைக்கும் அளவீடு) பற்றி எழுதியது இதற்கு ஒரு முக்கிய வாசல். 1994இல் மைக்கேல் பெர்ரி இதன் கணிதத்தை விரித்து எழுதினார்.

கட்டுரைகளைப் படிப்பதைவிட ஒருமுறை கையால் செய்து பார்ப்பது நல்லது. தேவையானது எக்செல் போன்ற ஒரு விரிதாளும் ஆறு எண்களும்தான்.

படி 1: ஆறு கெழுக்கள்

கீழே அதிர்வெண், அதற்குரிய கெழு (அந்த அலையைப் பெருக்க வேண்டிய எண்):

1 → 59050
0.8 → −196860
0.6 → 295650
0.4 → −265680
0.2 → 170100
0 → −61236

கடைசியில் இருப்பது அலை அல்ல, மாறிலி. ஆறையும் அப்படியே கூட்டினால் 1024 வரும். வரவில்லை என்றால் எங்கோ தட்டச்சுப் பிழை. அதைத் திருத்தாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். குறி மாற்றி மாற்றி வருவதைக் கவனியுங்கள். வித்தை முழுக்க அதில்தான் இருக்கிறது.

படி 2: அட்டவணை

முதல் நெடுவரிசையில் 0 முதல் 31.4 வரை, 0.1 இடைவெளியில் இடத்தை நிரப்புங்கள். 315 வரிசைகள் வரும். அடுத்த ஐந்து நெடுவரிசைகளில் ஒவ்வோர் அலைக்கும் கெழு × கொசைன்(அதிர்வெண் × இடம்). ஏழாவதில் இவற்றின் கூட்டலோடு −61236ஐச் சேர்த்து, மொத்தத்தையும் 1024ஆல் வகுங்கள்.

கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். விரிதாளில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். ஆனால் கால்குலேட்டரில் சரிபார்ப்பவர்கள் டிகிரியில் விட்டுவிடுவதுண்டு. அப்படி விட்டால், இடம் 31 வரை போனாலும் விடை ஒருமுறைகூடச் சுழியைத் தொடாது.

சரிபார்க்க மூன்று இடங்கள்: 0இல் சரியாக 1, 1.6இல் ஏறக்குறைய −1.44, 15.7இல் ஏறக்குறைய −1024.

படி 3: வரைபடம்

முழு அட்டவணையையும் வரைந்தால் ஏமாற்றம்தான். நடுவில் −1024 வரை இறங்கும் பெரிய பள்ளம் தெரியும், தொடக்கப் பகுதி தட்டையான கோடாகக் கிடக்கும். மிகையலைவு அந்தத் தட்டைக் கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. கிடை அச்சை 0 முதல் 5 வரையும், நிலை அச்சை −6 முதல் 6 வரையும் சுருக்குங்கள். அதே படத்தில் அதிர்வெண் 1 கொண்ட வெறும் கொசைனையும் வரையுங்கள்.

இப்போது கோடு சுழியைக் கடக்கும் இடங்களைப் பாருங்கள்: 0.79, 2.49, 4.64; படத்துக்கு வெளியே, அட்டவணையில் 7.76, 12.64. 0க்கு இடது பக்கமும் இதே சமச்சீர் என்பதால் மையத்தில், அதாவது 0ஐச் சுற்றி, இடைவெளி 1.58, அடுத்தடுத்து 1.70, 2.14, 3.12, 4.88. நம்மிடம் இருக்கும் அதிவேக அலைக்கே இந்த இடைவெளி 3.14. ஆக, மையத்தில் இரண்டு மடங்கு வேகம்; ஏறத்தாழ 6.2ஐத் தாண்டியதும் அந்த வேகம் போய்விடுகிறது. எந்த விதியும் மீறப்படவில்லை. சிக்னலை அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் கணக்கு முழு நீளத்துக்கும் பொருந்துவது. ஒரு துண்டில் என்ன நடக்கும் என்று அது கட்டுப்படுத்துவதில்லை.

படி 4: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். மூன்றாவது கெழுவை மட்டும் 1% கூட்டுங்கள்: 295650க்குப் பதில் 298606.5. மையத்தில் 1 இருந்த இடம் 3.89 ஆகிவிடும். முதல் சுழி 0.79இலிருந்து 1.7 அருகே நகரும். வெறும் கொசைனின் முதல் சுழி 1.57, அதைவிடவும் பின்தங்கிவிட்டது. ஒரே ஒரு சதவீதப் பிழையில் மிகையலைவு காலி.

காரணம் எளிது. கெழுக்களின் குறியை நீக்கிக் கூட்டி 1024ஆல் வகுத்தால் 1024 வரும். அதாவது மொத்தம் 1024 அளவுள்ள அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு 1 மிஞ்சுகிறது. அழிவு துல்லியமாக இல்லாவிட்டால் மிஞ்சுவது பிழை மட்டுமே.

படி 5: வேகத்தைக் கூட்ட

ஆறு எண்களும் ஒரே கோவையிலிருந்து வந்தவை: கொசைன்(இடம் ÷ 10) உடன், கற்பனை அலகு × 2 × சைன்(இடம் ÷ 10) ஐக் கூட்டி, 10ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் அதன் மெய்ப்பகுதிதான் நம் வரைபடம். 2 என்பது வேக மடங்கு. 10 என்பது அடுக்கு; இடத்தை வகுக்கும் எண்ணும் அதுவே. அதைக் கூட்டினால் மிகையலைவு நீடிக்கும் பகுதி அகலும். ஆனால் உச்ச அளவு, மடங்கை அடுக்குக்கு உயர்த்திய எண்ணாக எகிறும்.

மடங்கு 4, அடுக்கு 20 என்றால் அது ஏறக்குறைய 1.1 லட்சம் கோடி. விரிதாள் சுமார் 15 இலக்கத் துல்லியத்தில் கணக்கிடுவதால் மையத்தில் மூன்று, நான்கு இலக்கங்கள் பிழைக்கும். அடுக்கை 30 ஆக்கினால் எதுவும் பிழைக்காது. திரையில் தெரியும் நெளிவுகள் வெறும் முழுமையாக்கல் பிழை. அதை மிகையலைவு என்று எண்ணி ஏமாறுவது எளிது. அந்த நிலையில் அலைகளைத் தனித்தனியே கூட்டாமல், மேலே சொன்ன கோவையை நேரடியாகவே கணக்கிடுங்கள்.

எங்கே பயன்படும்?

மிக முன்னேறியிருப்பது நுண்ணோக்கியியல். சாதாரண லென்ஸ் ஒளியை அலைநீளத்தின் பாதிக்குக் கீழே குவிப்பது கடினம். பெர்ரியும் சாண்டு போபெஸ்குவும் 2006இல், மேற்பரப்பை ஒட்டியே தேய்ந்துபோகும் அலைகளின் உதவி இல்லாமலே அந்த எல்லையைத் தாண்டலாம் என்று காட்டினர். 2012இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு, வளையங்கள் பொறித்த தகடு (மாஸ்க்) ஒன்றைக் கொண்டு 640 நானோமீட்டர் ஒளியில், அலைநீளத்தின் ஆறில் ஒரு பங்கைவிட நுண்ணிய பிரிதிறனை எட்டியது. நம் வரைபடத்தின் −1024 பள்ளம் அங்கே பிரகாசமான ஒளி வளையமாக வருகிறது. நுண்ணிய புள்ளியைச் சுற்றி அது சூழ்ந்திருப்பதால் பார்க்கும் பரப்பு மிகக் குறுகியது; புள்ளிக்குக் கிடைக்கும் ஒளியும் சொற்பம். இத்தகைய வடிவமைப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி புள்ளி எவ்வளவு சிறியது என்பதல்ல, வளையம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே.

ஆன்டெனாவிலும் இதே கணக்குதான். ஜூலியானோ தொரால்தோ தி பிரான்சியா 1952இலேயே, திசையைக் கூர்மையாக்கும் ஆன்டெனாக் கோட்பாட்டை ஒளியியலுக்குக் கொண்டுவந்தார். தரவு அனுப்பும் துறையில் மட்டும் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். குறுகிய அதிர்வெண் பட்டையில் வேகமான சிக்னலைத் திணிக்கலாம்தான். ஆனால் 2006இல் பாவ்லோ ஃபெரேராவும் அகிம் கெம்ப்பும் நிறுவியபடி, மிகையலைவுகளின் எண்ணிக்கை கூடக் கூட அதற்கான ஆற்றல் அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். இரைச்சல் உள்ள எந்தக் கம்பியிலும் ஷானன் எல்லை, அதாவது பிழையின்றித் தரவு அனுப்பக்கூடிய உச்ச வேகம், அப்படியே நிற்கும்.