விஆர் ஹெட்செட்டில் தரை துடித்த சிக்கல் தீர்ந்தது

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில், 4கே பெரிய திரையில் விநாடிக்கு 40 பிரேம் (படம்) வந்தாலே விமானம் தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு போகும். அதே கணினியில் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டைத் தலையில் மாட்டித் தாழப் பறந்தால், பக்கவாட்டில் தரை துடித்தது. டிரைவர், கேபிள், மேகக் காட்சியின் தரம் என்று எதை மாற்றியும் பலனில்லை. நாட்கள் வீணானதுதான் மிச்சம்.

விமானத்தை நிறுத்திவைத்துத் தலையை எவ்வளவு திருப்பினாலும் துடிப்பே இல்லை. அதுதான் துப்பு. தலை அசைவை ஹெட்செட் தானே ஈடுசெய்துவிடும்; விமானம் நகர்வதை அப்படிச் செய்யாது. ஹெட்செட் திரை 90 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 90 முறை, படம் காட்டும்; அதில் 40 பிரேம் என்பது சமமாகப் பிரியாததால், சில படங்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் வந்தன.

ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, பிரேமைச் சரிபாதியாக 36-ல் பூட்டி, இடைப்படம் உருவாக்கும் வசதியையும் போட்டேன். துடிப்பு நின்றது. அப்பாடா!

கண்ணால் பார்த்து இறங்க இனி விஆர்தான். கருவி எழுத்துகளைப் படித்தே பறக்க வேண்டிய மேகமூட்டத்துக்கு மட்டும் பெரிய திரை.