ஹோட்டல் கிச்சனில் அப்ரண்டிஸாகச் சேரப் போகிறீர்களா?

கேட்டரிங் முடித்து நட்சத்திர ஹோட்டலில் சேருகிறவர்கள் முதலில் காசு போட வேண்டியது ஷூவில்தான். கத்தி செட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். எண்ணெயும் தண்ணீரும் சிந்திய தரையில் வழுக்காத, முன்பக்கம் மூடிய கறுப்பு ஷூ நல்லது. வேலைக்குப் போகும் முன்பே வீட்டில் போட்டுப் பழக்கிவிடுங்கள். புது ஷூவோடு நாள் முழுக்க நின்றால் குதிகால் உரிந்துவிடும்.

வெட்டும் பலகைகளுக்கு நிறம் உண்டு. பெரும்பாலும் சிவப்பு சமைக்காத இறைச்சிக்கு, நீலம் மீனுக்கு, பச்சை சாலட்டுக்கும் பழங்களுக்கும். மற்றவை இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். சூடான பாத்திரத்தை ஈரத்துணியால் பிடிக்கவே கூடாது. ஈரம் சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும். ஒருவருக்குப் பின்னால் போகும்போது "பிஹைண்ட்", கொதிக்கிற சட்டியோடு போகும்போது "ஹாட்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஆரம்பத்தில் வெங்காயம் உரிப்பதும் குளிர் அறையைத் துடைப்பதும்தான் வேலை. துடைக்கும்போதே எது எங்கே இருக்கிறது, எந்த டப்பாவில் என்ன தேதி ஒட்டியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். செஃப் ஒன்றைக் கேட்டதும் நேராகப் போய் எடுத்து வருகிற பையனுக்குத்தான் அடுப்புப் பக்கம் சீக்கிரம் இடம் கிடைக்கும்.

சேரும்போதே ஒன்று கேளுங்கள்: 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, அரசு போர்ட்டலில் பதிவு செய்வார்களா? உதவித்தொகை எவ்வளவு என்பதும் அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.