தண்ணீர் ஓடும் டேர்போ: காசைக் கொடுக்கும் முன்

அக்கரைப்பற்றில் நெல் லொறி ஓட்டும் என் மச்சான் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வந்தார். "டேர்போ போய்விட்டது. இந்த முறை தண்ணீர் ஓடுகிற டேர்போவாகப் போடச் சொல்கிறார்கள். காசு இரண்டு மடங்கு. போடலாமா?"

பழையது ஏன் போனது என்று கேட்டேன். தெரியவில்லை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. டேர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் உறுப்பு. அதன் தண்டு நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழல்வது. அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் ஒன்றுதான். ஒயில் அழுக்கானாலோ, போதிய அளவு வந்து சேராவிட்டாலோ அந்தத் தண்டு பிழைக்காது. டேர்போக்கள் பெரும்பாலும் சாவது இப்படித்தான். மச்சானின் லொறியில் ஒயில் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். அதன் வாய் பாதி கரியால் அடைத்திருந்தது. அதே குழாயோடு எந்த டேர்போவைப் பூட்டினாலும் அடுத்த அறுவடையைப் பார்த்திருக்காது.

தண்ணீர் ஓடினால் இழுவை கூடும் என்று நம்புவது அடுத்த தவறு. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்வித்து இழுவைக்கு உதவுவது இன்டர்கூலர். அது வேறு உறுப்பு. டேர்போவில் ஓடும் தண்ணீர், தண்டைப் பிடித்திருக்கும் தாங்கிகள் உள்ள நடுப்பகுதியைச் சுற்றி மட்டுமே போகிறது. வண்டி ஓடும்போது அங்குள்ள சூட்டைப் பெரிதும் அள்ளிக்கொண்டு போவது ஒயில்தான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த பிறகே தண்ணீரின் வேலை உண்மையில் தொடங்குகிறது. ஒயில் ஓட்டம் நின்றுவிடும். புகைப் பக்கத்து இரும்பில் தேங்கிய சூடு மெல்ல நடுப்பகுதிக்கு ஊர்ந்து, மிச்சமிருக்கும் ஒயிலைக் கரியாக்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அந்தச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். சூடானது மேலே ஏற, குளிர்ந்தது கீழிருந்து வர, பம்ப் இல்லாமலே ஓட்டம் கொஞ்ச நேரம் நடக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது, உங்கள் வண்டி எவ்வளவு சூட்டோடு அணைக்கப்படுகிறது என்பதுதான். டீசல் எஞ்சினின் புகை கடும் பாரத்தில் ஏறத்தாழ 700, 800 பாகை செல்சியஸ். பெற்றோலில் 950ஐயும் தாண்டும். டொயோட்டா ரைஸ் போன்ற சிறிய பெற்றோல் டேர்போ வண்டிகள் தண்ணீர் வசதியுடனேயே வருவதும், பல டீசல் லொறிகள் ஒயிலை மட்டும் வைத்துக் காலம் தள்ளுவதும் இதனால்தான். அம்பாறையிலிருந்து காரைதீவு, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வருபவருக்கு ஏற்றமே இல்லை. கல்முனைக் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து வரும்போதே டேர்போ ஆறிவிடும். செங்கலடியிலிருந்து பிபிலை தாண்டி லுணுகலை மலையில் பாரத்தோடு ஏறி, ஏறிய சூட்டிலேயே கடை வாசலில் எஞ்சினை அணைப்பவரின் கதை வேறு. அவருக்கும் அணைக்கும் முன் எஞ்சினை இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிடுவது புது டேர்போவை விட மலிவு.

எனக்குக் கோபம் வருவது தண்ணீர் விடயத்தில். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தவர்கூட அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறார். டேர்போவுக்குள் அதே தண்ணீர் போகும் வழி ஒடுங்கியது. படிவும் துருவும் அங்கே சீக்கிரம் அடைக்கும். கூலன்டையும் வடித்த நீரையும் கலந்து ஊற்ற மனமில்லாதவர் ஒயில் டேர்போவோடு நிற்பதே நல்லது.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் டேர்போவின் விலையோடு கணக்கு முடியாது. எஞ்சினிலிருந்து தண்ணீர் எடுக்கவும் திருப்பிவிடவும் குழாய், அதற்கான இணைப்பு, கூலி எல்லாம் சேரும். தண்ணீர் வெளியேறும் வாய் உட்புகும் வாயை விட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீராவி உள்ளே தங்கிவிடும். ஒயில் திரும்பும் குழாய் மடிப்பில்லாமல் கீழ்நோக்கி இறங்க வேண்டும்.

பழைய பெற்றோல் டேர்போ வண்டி வாங்குபவர்கள் டேர்போவின் பக்கத்திலுள்ள இரு சிறு தண்ணீர்க் குழாய்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒழுக்கு வந்ததும் அவற்றை அடைத்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

மச்சான் ஒயில் குழாயைப் புதிதாகப் போட்டு, ஒயில் வடிகட்டியையும் ஒயிலையும் மாற்றி, பழைய வகை டேர்போவையே பூட்டினார். இப்போது கடையில் நிறுத்தினால் அவர் இறங்கிப் போய்விடுவார். தேநீர் மேசைக்கு வந்த பிறகுதான் உதவிக்கு வரும் பையன் எஞ்சினை அணைக்கிறான்.