கைசென்: ஒரே ஒரு கட்டாவை வைத்துக் கராத்தேயைச் சரிசெய்வது எப்படி?

ஒரு காலத்தில் தினமும் 200 ஓய்-சுகி (ஓர் அடி முன்னே வைத்து விடும் பஞ்ச்) என்று கணக்கு வைத்திருந்தேன். மொட்டை மாடியில் இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தக் கைப்பிடிச் சுவர் வரை, ஒன்றரை வருடம். மழை நாளில்கூட விட்டதில்லை. ஒரு க்ரேடிங்குக்கு (பெல்ட் தேர்வுக்கு) முன்னால் வகுப்பில் சீனியர் அண்ணன் ஒருவர் என் பின்னால் வந்து குனிந்தார். நான் பஞ்ச் விட்ட நேரத்தில் பின்காலின் குதிகாலுக்கு அடியில் ஒரு பஸ் டிக்கெட்டைத் தள்ளினார். தடையே இல்லாமல் உள்ளே போய்விட்டது. "தம்பி, ஒவ்வொரு தடவையும் குதிகால் தூக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சத்துக்கும் மேலே. அத்தனையும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு விட்ட பஞ்ச்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கைசென் என்பது அந்தப் பார்க்கிற வேலைதான். புதிதாகக் கராத்தே சேர்ந்தவர்கள் இதை வீட்டில் எப்படிச் செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். வேறு தற்காப்புக் கலை பழகுகிறவர்களும் கட்டாவின் (வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பின்) பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு செய்யலாம்.

தொடங்கும் முன்: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கைசென் ஏதோ சாமுராய் காலத்து ரகசியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 'கை' என்றால் மாற்றம், 'சென்' என்றால் நல்லது. ஜப்பானியர் அன்றாடம் பேச்சில் புழங்கும் சாதாரணச் சொல். அது ஒரு வேலைமுறையின் பெயராக வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தொழிற்சாலைகளில். 1951இல் டொயோட்டா, தன் தொழிலாளர்களே வேலையைத் திருத்த யோசனை சொல்லும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான தைச்சி ஓனோ திரும்பத் திரும்ப வற்புறுத்திய விஷயம் ஒன்று: முதலில் ஒரு வேலையை இப்படித்தான் செய்வது என்று நிலையான முறை இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், நேற்றைவிட இன்று மேலா என்று எதை வைத்துச் சொல்வது?

கராத்தேக்காரனுக்கு அந்த நிலையான முறை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதன் பெயர் கட்டா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "தினமும் 1 சதவீதம் முன்னேறினால் வருடக் கடைசியில் 37 மடங்கு" என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. வட்டிக் கணக்காக அது சரி. முட்டியும் இடுப்பும் வட்டிக்கு விட்ட பணம் இல்லை. சில வாரம் ஒன்றும் நகராது, சில வாரம் பின்னால்கூடப் போகும்.

படி 1: ஒரே ஒரு கட்டாவை எடுங்கள்

ஷோடோகான் பிரிவில் பழகுகிறவர் என்றால் ஹெய்யான் ஷோடான் போதும். 1900களின் தொடக்கத்தில், ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவின் பள்ளிப் பிள்ளைகளுக்காக அன்கோ இதோசு உருவாக்கிய ஐந்து கட்டாக்களில் ஒன்று அது. 21 அசைவுகள், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதில் ஒரு குழப்பம் வரும். இதோசு வைத்த பெயர் பின்னான். அவருடைய மாணவர் கிச்சின் ஃபுனாகோஷி ஜப்பானின் பிரதானத் தீவுக்கு வந்து கற்றுக்கொடுத்தபோது அதை ஹெய்யான் என்று மாற்றினார், முதல் இரண்டின் வரிசையையும் இடம் மாற்றினார். அதனால் ஷிட்டோ-ரியூ போன்ற பிரிவுகளில் இதே கட்டாவுக்குப் பின்னான் நிதான் என்று பெயர். வீடியோவைத் தேடிப் பார்த்துப் பழகுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உங்கள் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது எதுவோ அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றா, போரடிக்காதா என்றால், அடிக்கும். ஃபுனாகோஷி தன் இளமையில் தெக்கி என்ற மூன்று கட்டாக்களுக்கு மட்டும் பத்து வருடம் செலவிட்டதாக எழுதியிருக்கிறார். நாம் கேட்பது சில மாதங்கள்தானே.

படி 2: தரையில் ஒரு கோடு

இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. செலவு ஒரு சாக்பீஸ்.

ஹெய்யான் ஷோடானைத் தொடங்கும் முன் உங்கள் கால்விரல் நுனியை ஒட்டித் தரையில் ஒரு கோடு போடுங்கள். கட்டாவை முழுவதும் செய்து முடித்து, தயார் நிலைக்குத் திரும்பியதும் குனிந்து பாருங்கள். தொடங்கிய இடத்தில்தான் முடிய வேண்டும். பெரும்பாலும் முடியாது.

ஏன் என்று கட்டாவின் வழியே யோசித்துப் பாருங்கள். நடுக்கோட்டில் முன்னே போகும்போது ஒரு கெதான் பராய் (கீழ்த் தடுப்பு), அப்புறம் மூன்று அகே-உகே (மேல் தடுப்பு). மூன்றாவதில் கியாய், அதாவது உரத்த கத்தல். திரும்பி வரும்போது ஒரு கெதான் பராய், மூன்று ஓய்-சுகி. அதிலும் மூன்றாவதில் மறுபடி கியாய். போகிற மூன்று அடியும் வருகிற மூன்று அடியும் ஒரே நீளமாக இருந்தால் பழைய இடத்துக்கு வந்து சேருவீர்கள். கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டீர்கள் என்றால் வரும் அடிகள் குட்டையாகிவிட்டன. கோட்டைத் தாண்டிப் பின்னால் போய்விட்டீர்கள் என்றால் போன அடிகள் குட்டை. பக்கவாட்டில் விலகியிருந்தால் இடவலமாகப் போய்வரும் அசைவுகளில் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை.

முதல் நாள் நான் கோட்டுக்குப் பதினைந்து அங்குலம் முன்னால் நின்றேன். பஞ்ச் வேகமாகப் போக வேண்டும் என்ற அவசரத்தில் கால் பாதி வழியிலேயே நின்றிருக்கிறது. எந்த மாஸ்டரும் சொல்லாமல், எந்தக் கேமராவும் இல்லாமல், கட்டாவே காட்டிக்கொடுத்தது.

மூன்று முறை செய்து, மூன்று விலகலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இதுதான் உங்கள் தொடக்க அளவு.

படி 3: போய்ப் பாருங்கள்

டொயோட்டாவில் ஒரு பழக்கம் உண்டு. பிரச்சினை என்றால் அறையில் உட்கார்ந்து அறிக்கை படிக்காமல், அது நடக்கிற இடத்துக்கே போய்க் கண்ணால் பார்ப்பது. அந்த இடத்துக்கு கெம்பா என்று பெயர். நமக்குக் கெம்பா நம் உடம்புதான். அதை உள்ளிருந்து பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். என் குதிகால் தரையில் இருக்கிறது என்று ஒன்றரை வருடம் நான் சத்தியமாக நம்பினேன்.

எனவே செல்போன். ஸ்டாண்டு எதுவும் வேண்டாம், நாற்காலியில் ஒரு தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தால் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். ஒருமுறை பக்கத்திலிருந்து, ஒருமுறை முன்னாலிருந்து எடுங்கள். பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிடுங்கள், நம் கியாய் நம்மையே ஏமாற்றும். முதல் தடவை பாதங்களை மட்டும் பாருங்கள். அடுத்து முட்டி, அடுத்து இடுப்பு. கை கடைசி. ஆரம்பத்தில் எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள், தப்பு பெரும்பாலும் கீழேதான் தொடங்கியிருக்கும்.

எழுதும்போது தீர்ப்பு எழுத வேண்டாம். "ஸ்டான்ஸ் (கால் வைத்து நிற்கும் நிலை) மோசம்" என்பதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. "15, 16, 17ஆம் அசைவுகளில் பின் குதிகால் தூக்குகிறது" என்பதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

படி 4: ஒரு குறை மட்டும்

வீடியோவில் பதினைந்து குறை தெரியும். மனது உடைய வேண்டாம். ஒன்றை எடுங்கள். எதை எடுப்பது என்பதற்கு என் வரிசை: காயம் உண்டாக்கக்கூடியது முதலில், அதற்கடுத்து தரைக்கு அருகில் இருப்பது. முன்கால் மடங்கும்போது முட்டி கால்விரல்களின் திசையில் போகாமல் உள்பக்கம் சாய்கிறது என்றால் வேறு எதையும் பார்க்காமல் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். ஏற்கெனவே வலி இருக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

படி 5: ஐந்து முறை "ஏன்?"

ஒரு பிரச்சினைக்கு ஐந்து முறை ஏன் என்று கேட்பதும் டொயோட்டா வழக்கம்தான். என் குதிகாலுக்கு நான் கேட்டது இப்படிப் போனது.

குதிகால் ஏன் தூக்குகிறது? பஞ்ச் முடியும்போது உடம்பு முன்னால் இழுக்கப்படுகிறது. ஏன்? பின்காலின் கணுக்கால் அதற்கு மேல் மடங்க மாட்டேன் என்கிறது. ஏன்? என் ஸ்டான்ஸ் என் கணுக்கால் தாங்குவதைவிட நீளம், கெண்டைக்காலும் இறுக்கம். அவ்வளவு நீளமாக ஏன் நின்றேன்? வகுப்பில் முன்வரிசையில் நிற்கும் கறுப்பு பெல்ட் அண்ணன்கள் அப்படி நின்றார்கள்.

நான்கிலேயே முடிந்துவிட்டது. ஐந்து என்பது சட்டம் இல்லை. கையால் மாற்றக்கூடிய ஒரு காரணம் கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளலாம். "நான் சோம்பேறி" என்று பதில் வந்தால் மட்டும் ஏற்காதீர்கள். அதில் திருத்துவதற்கு ஒரு பிடியும் இல்லை.

படி 6: ஒரு மாற்றம், ஒரு வாரம், தினம் பத்து நிமிடம்

என் மாற்றம்: ஸ்டான்ஸை நான்கு விரல் அளவு குறைப்பது. கூடவே கெண்டைக்காலுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நீட்டல். அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தை நான் பிரித்துக்கொள்வது இப்படி: உடம்பைச் சூடாக்கி, கட்டாவை மிக மெதுவாக மூன்று முறை, குறை வரும் அந்தப் பகுதியை மட்டும் பத்து முறை, சாதாரண வேகத்தில் முழுக் கட்டா இரண்டு முறை. கடைசி முறைக்கு மட்டும் கோட்டைப் பார்த்து அளவு எழுதுவது.

இதில் முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. டொயோட்டா நிறுவனம் பிறந்த குடும்பத்தின் மூத்தவர் சாகிச்சி டொயோடா கார் செய்தவர் அல்ல, தறி செய்தவர். 1924இல் அவர் முழுமையாக்கிய தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். ஓடிக்கொண்டே இருந்தால் கெட்டுப்போன துணிதானே கஜம் கஜமாக வரும்? என் ஒரு லட்சம் பஞ்ச் அப்படி நெய்த துணிதான். எனவே குதிகால் தூக்கியது தெரிந்த அந்த நொடியிலேயே நில்லுங்கள். அந்தப் பஞ்சை முடிக்காதீர்கள். ஓர் அசைவு பின்னால் போய் மறுபடி வாருங்கள். வகுப்பில் மாஸ்டர் எண்ணிக்கை சொல்லும்போது இப்படி நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. அதனால்தான் இது வீட்டு வேலை.

படி 7: வாரக் கடைசியில் முடிவு

மறுபடி மூன்று முறை, அதே கோடு, அதே நாற்காலி, அதே பாட்டில். முன்னேற்றம் இருந்தால் அந்தப் புதிய அளவை நோட்டில் எழுதி, இனிமேல் இதுதான் என் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள். காரணத்தைத் தவறாகப் பிடித்திருக்கலாம். எனக்கு முதல் வாரம் குதிகால் இறங்கியது, ஆனால் கோட்டு விலகல் அப்படியே இருந்தது. அது வேறு நோய் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குத் தனியாக மூன்று வாரம் ஆனது.

எதைக் குறைப்பது?

கூட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தொழிற்சாலைக் கைசென் அதிகம் பேசுவது குறைப்பதைப் பற்றி. மூன்று சொற்கள்: முதா, முரி, முரா.

முதா என்றால் வீண். பஞ்ச் விடும் முன் முஷ்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வது, தோள்பட்டையை உயர்த்துவது, அடி வைக்கும் முன் முன்பாதத்தை வெளியே திருப்பிக்கொள்வது எல்லாம் வீண். குமித்தேயில் (எதிராளியோடு மோதும் பயிற்சியில்) எதிராளிக்கு முன்கூட்டியே தந்தி அடிக்கிற மாதிரி.

முரி என்றால் தாங்காத சுமை. புதியவர்கள் முதல் மாதத்திலேயே தலை உயரத்துக்கு உதைக்கப் பார்ப்பது.

முரா என்றால் சீரின்மை. ஆறு நாள் ஒன்றும் செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வெறியோடு பழகுவது. மூன்றில் இதுதான் நம் ஆட்களுக்கு அதிகம். எனக்கும்தான்.

ஓர் எச்சரிக்கை

டொயோட்டாவில் தொழிலாளி யோசனை சொல்லி வேலைமுறையையே மாற்றலாம். இங்கே கட்டாவை மாற்றும் உரிமை உங்களுக்கும் எனக்கும் கிடையாது. ஜப்பானியக் கலைகளில் ஷு, ஹா, ரி என்று மூன்று நிலை சொல்வார்கள்: முறையை அப்படியே காப்பது, அதை உடைத்துப் பார்ப்பது, அதை விட்டு விலகுவது. வெள்ளை பெல்ட்டிலிருந்து நெடுங்காலம் முதல் நிலையில்தான் இருப்போம். கறுப்பு பெல்ட்டின் முதல் தரத்துக்கே ஷோடான், அதாவது தொடக்கப் படி, என்றுதான் பெயர். நாம் திருத்துவது நம் உடம்பையும் பழகும் விதத்தையும். ஸ்டான்ஸ் நீளம் போன்ற விஷயங்களில் கை வைக்கும் முன் நோட்டை எடுத்துக்கொண்டு போய் மாஸ்டரிடம் கேளுங்கள். "மாஸ்டர், எனக்கு எப்படி வரும்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "மாஸ்டர், 17ஆம் அசைவில் குதிகால் தூக்குது, நாலு விரல் குறைச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டால் கிடைக்கும் பதிலே வேறு.

கடைசியாக, க்ரேடிங் தேதி தெரிந்துவிட்டால் அதற்கு முந்தைய இரண்டு வாரம் புதிய மாற்றம் எதுவும் வேண்டாம். பாதி பழகிய திருத்தம் பதற்றத்தில் கலைந்து பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் போய்விடும். அந்த இரண்டு வாரமும் இருக்கிற அளவிலேயே கட்டாவைச் செய்யுங்கள். க்ரேடிங் முடிந்த மறுநாள் சாக்பீஸை எடுக்கலாம்.