மாற்றுத்திறனாளிகளும் ஆடக்கூடிய இணையப் புதிர் விளையாட்டை அமைப்பது எப்படி?

புதிர் விளையாட்டு ஒன்றில் இரண்டு வகையான கடினங்கள் உண்டு. விடையைக் கண்டுபிடிப்பதில் உள்ள கடினம் ஒன்று. அதற்காகத்தான் மக்கள் ஆட வருகிறார்கள். புதிரைப் பார்ப்பதிலும் கேட்பதிலும் தொடுவதிலும் உள்ள கடினம் மற்றொன்று. அதற்காக யாரும் வருவதில்லை. சிவப்பு மணியையும் பச்சை மணியையும் பிரித்தறிய இயலாத ஒருவர் ஓர் ஆட்டத்தில் தோற்றால், அவரைத் தோற்கடித்தது புதிர் அன்று, அதை வடிவமைத்தவர் தேர்ந்தெடுத்த வண்ணங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிறு குழுக்களாக இருந்துகொண்டு உலாவியிலும் கைப்பேசியிலும் ஓடும் புதிர் விளையாட்டுகளை உருவாக்குகிற தமிழ் இளையோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதல் கடினத்தில் கை வைக்காமல் இரண்டாவதை மட்டும் எவ்வாறு நீக்குவது என்பதே இங்குச் சொல்லவேண்டியது.

நிரல் எழுதத் தொடங்குமுன் உங்கள் புதிரின் விதியை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். தீபாவளிக்கு ஒரு கோலப் புதிர் வெளியிட எண்ணியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். "பலகையிலுள்ள எல்லாப் புள்ளிகளையும், ஒருமுறை சென்ற புள்ளிக்கு மறுபடி செல்லாமல், ஒரே கோட்டால் இணைக்க வேண்டும்" என்பது அதன் விதி. இந்த வாக்கியத்தில் வண்ணத்தைப் பற்றிய பேச்சில்லை, வேகத்தைப் பற்றிய பேச்சில்லை, விரலைத் திரையிலிருந்து எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இல்லை. ஆயினும் செய்து முடித்த விளையாட்டைத் திறந்து பார்த்தால், சென்ற புள்ளி சிவப்பாகவும் செல்லாத புள்ளி பச்சையாகவும் இருக்கும். மேலே ஒரு கடிகாரம் ஓடும். விரலை எடுத்தால் கோடு அழிந்துவிடும். விதியில் இல்லாத ஒன்று திரையில் மட்டும் இருக்குமானால் அதற்கு மாற்றுவழி கொடுத்தே ஆக வேண்டும். விதியிலேயே ஒரு புலன் கலந்திருக்குமானால், அதே சிந்தனையை வேறொரு புலன் வழியாகக் கேட்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாம் வகைக்கு 2016இல் வெளிவந்த தி விட்னஸ் என்னும் கணினிப் புதிர் விளையாட்டு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒரு பகுதியின் புதிர்களைப் பறவைகளின் குரலைக் கேட்டே தீர்க்க வேண்டும். வேறு சில புதிர்கள் நிறங்களைத் துல்லியமாகப் பிரித்தறிவதையே நம்பியிருக்கின்றன. செவித்திறன் இல்லாதவருக்கோ நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவருக்கோ அந்தப் புதிர்களுக்குள் வழியே இல்லை. ஆனால் அந்த விளையாட்டில் உள்ள 11 ஒளிக்கற்றைகளில் 7ஐ இயக்கினாலே மலைக்குள் செல்லும் இறுதிக் கட்டம் திறந்துகொள்வதால், ஒரு பகுதியை விட்டுவிட்டும் கதையின் முடிவை அடையலாம். ஒரு புதிரை மாற்றவே முடியாத நிலையில் இப்படிச் சுற்றுவழி வைப்பது நேர்மையான ஏற்பாடு. எனினும் மாற்ற முடியாது என்ற முடிவுக்கு அவசரமாக வரக் கூடாது.

வண்ணமும் வடிவமும்

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. ஆசிய மக்களிடம் இந்த விகிதம் சற்றுக் குறைவு, ஆனால் புறக்கணிக்கும் அளவுக்குக் குறைவன்று. 2012இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவில் ஒவ்வொரு மிட்டாய்க்கும் தனி நிறத்தோடு தனி வடிவமும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிறம் தெரியாதவரும் வடிவத்தைக் கொண்டு ஆடிவிடலாம். ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் (Wordle) என்ற விளையாட்டில் பச்சை, மஞ்சளுக்குப் பதிலாக ஆரஞ்சு, நீலம் காட்டும் மிகு மாறுபாட்டு அமைப்பு உண்டு. நீங்களும் நிறத்தோடு ஒரு குறியைச் சேருங்கள்: சென்ற புள்ளியின் நடுவே ஒரு சிறு வட்டம், பிழையான இடத்தில் ஒரு பெருக்கல் குறி. திரையைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிட்டு உங்கள் விளையாட்டை நீங்களே ஆடிப்பாருங்கள். ஓரிடத்தில் தயங்கினால் அங்கே குறி போதவில்லை என்று பொருள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளிர்வு மாறுபாடும், புள்ளி, பொத்தான் முதலியவற்றுக்கு 3க்கு 1 என்ற மாறுபாடும் இருக்க வேண்டும் என்று டபிள்யூசிஏஜி என்னும் இணைய அணுகல் நெறிமுறை கூறுகிறது. ஒரே விநாடியில் 3 முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பதும் அதன் விதி. வெற்றிபெற்றவுடன் பட்டாசு வெடிப்பதுபோல் காட்ட விரும்புவோர் இதை மறக்கவே கூடாது, ஏனெனில் இது வசதியைப் பற்றியதன்று, வலிப்பு வரக்கூடியவரின் உயிரைப் பற்றியது.

கை நடுங்கினாலும் ஆட முடிய வேண்டும்

இழுத்து விடுதல் என்பது புதிர் விளையாட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் செயல். கை நடுக்கம் உள்ளவரையும், தலையசைவால் அல்லது ஒற்றைப் பொத்தானால் கணினியை இயக்குபவரையும் வெளியே நிறுத்திவிடும் செயலும் அதுவே. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 இதற்கென்றே ஒரு விதியைச் சேர்த்தது: இழுத்துச் செய்யும் எதையும், இழுக்காமல் தட்டியும் செய்ய முடிய வேண்டும். கோலப் புதிரில் இதை நிறைவேற்றுவது எளிது. ஒரு புள்ளியைத் தட்டி, அடுத்த புள்ளியைத் தட்டினால் கோடு விழட்டும்; அம்புக்குறி விசைகளாலும் நகரட்டும். தட்ட வேண்டிய இடம் 24க்கு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்று அதே நெறிமுறை சொல்கிறது. பேருந்தில் நின்றுகொண்டு ஆடுபவரையும் எண்ணிப்பார்த்தால் 44 பிக்சல்தான் பொருத்தம் என்பது என் கருத்து. தவறிப் பட்ட தட்டுக்காகப் புதிரை முதலிலிருந்து தொடங்க வைக்காதீர்கள். பின்செல்லும் பொத்தான் எத்தனை முறை வேண்டுமானாலும் வேலை செய்யட்டும்.

கண் காணாதவருக்குப் பலகையைச் சொல்வது

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான விளையாட்டுகள் நின்றுவிடுகின்றன. உலாவியில் ஓடும் விளையாட்டின் பலகை கேன்வாஸ் என்னும் வெற்றுப் பரப்பில் வரையப்படும்போது, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இருப்பதில்லை. எனவே வரைந்த படத்துக்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாத உண்மையான பொத்தான்களால் ஆன ஒரு கட்டமைப்பையும் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பொத்தான், "3ஆம் வரிசை, 2ஆம் புள்ளி, செல்லாதது" என்பது அதன் பெயர். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் கைப்பேசிக்கான திரைவாசிப்பான் ஆதரவு 2023.2ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கிறது. விண்டோஸ் கணினியில் சோதிக்க என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஏற்கெனவே உள்ளன. ஆகவே செலவைக் காரணம் காட்ட இடமில்லை.

எதைச் சொல்வது என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுவது என்பதே இங்கு நுட்பமான கேள்வி. ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் முழுப் பலகையையும் ஒப்பித்தால் ஆடுபவரின் நினைவு அதிலேயே தீர்ந்துபோகும். மாறியதை மட்டும் தானாகச் சொல்லுங்கள். மீதியை அவர் கேட்கும்போது சொல்லுங்கள். ஒரு விசையை அழுத்தினால் தற்போதைய வரிசை, இன்னொன்றை அழுத்தினால் மீதமுள்ள புள்ளிகள், மற்றொன்றால் கடைசி நகர்வு என்று பிரித்துக்கொள்ளலாம். லிசெஸ் சதுரங்கத் தளம் பார்வையற்றோருக்கெனத் தனி முறை ஒன்றை வைத்திருக்கிறது. அதில் நகர்வுகளைத் தட்டச்சு செய்தே ஆடலாம், பலகையின் நிலையையும் எழுத்தாகவே கேட்டறியலாம். நம் பல்லாங்குழியும் இந்த முறைக்கு மிக இயல்பாகப் பொருந்தும்: 14 குழிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். கையால் தடவியே ஆடிவிடக்கூடிய ஓர் ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்து, பார்வையற்றவர் ஆட முடியாததாக மாற்றிவிடுவது பெரும் வருத்தத்துக்குரியது.

தமிழ்ச் சொற்புதிர் செய்பவர்களுக்குக் கூடுதலான பொறுப்பு ஒன்று உண்டு. ந, ன, ண ஆகிய மூன்றும் திரைவாசிப்பானின் குரலில் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். ர, ற இணையும், ல, ள, ழ வரிசையும் விரைவான வாசிப்பில் குழம்பிவிடும். புதிரின் விடையே இந்த வேறுபாட்டில் இருக்கும்போது, ஒலியை மட்டும் நம்பியிருப்பவர் ஊகித்துத்தான் ஆட வேண்டியிருக்கும். ஆகவே எழுத்துப் பொத்தான்களின் மறைபெயராகத் தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று இடுங்கள். இரண்டு சுழி, மூன்று சுழி என்று சொல்வது நம் பள்ளிகளில் பழக்கமானதே என்றாலும், பிரெயிலில் எழுத்துகளைப் பயின்றவருக்குச் சுழி என்பது உதவாத அடையாளம். அதேபோல "கொ" என்பது ஆடுபவருக்கு ஓர் எழுத்து. கணினிக்கோ அது குறைந்தது இரண்டு குறியீடுகளின் கூட்டு. கட்டங்களை எண்ணும்போதும் அழிக்கும் விசையை அமைக்கும்போதும் எழுத்தைக் கொண்டே கணக்கிடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் அறிவிக்கத் தவறினால், ஆங்கிலக் குரலோ மலாய்க் குரலோ தமிழ் எழுத்துகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். மலாயும் தமிழும் ஒரே திரையில் கலந்து வருவது இங்கு வழக்கம் என்பதால், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே மொழியைக் குறிப்பிட வேண்டும்.

செவித்திறன் இல்லாதவருக்கான ஏற்பாடு இதைவிட எளிது: ஒலியால் தரும் எந்தக் குறிப்பையும் திரையிலும் காட்டுங்கள், எந்தத் திசையிலிருந்து ஒலி வருகிறது என்பதையும் சேர்த்து. விளக்கங்களை நேரான சிறு வாக்கியங்களில் எழுதுங்கள். மலேசியச் சைகை மொழியையே முதன்மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்துமொழி இரண்டாவதாக வருகிறது என்பதை நினைவில் கொண்டால், சுற்றி வளைத்த விளக்கம் ஏன் தடையாகிறது என்பது விளங்கும்.

நேரம், போட்டி, உதவி

கடிகாரம் புதிரின் பகுதியாக இல்லாவிட்டால் அதை அணைக்க வழி செய்யுங்கள். அணைக்க இயலாவிட்டால், வழக்கமான நேரத்தைப் போல 10 மடங்கு வரை நீட்டிக்க விடுங்கள். டபிள்யூசிஏஜி ஏற்கும் வழிகளில் அதுவும் ஒன்று. பலர் சேர்ந்து ஆடும் இணைய ஆட்டங்களில் ஒருவரின் நேரம் மற்றவரைக் காக்க வைக்கும் என்பது உண்மையான சிக்கல்தான். அதற்கு, ஒரு நாள் அவகாசத்தில் முறைவைத்து ஆடும் வகையை நேரடி ஆட்டத்தோடு சேர்த்துத் தருவது நல்ல தீர்வு. உதவி அமைப்புகளைப் பயன்படுத்தியவரின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டு வேறுபடுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பெரிய எழுத்தில் படித்தவரோ தட்டி நகர்த்தியவரோ புதிரை எளிதாக்கிக்கொள்ளவில்லை. வேகத்தை அளக்கும் பட்டியல் வேண்டுமென்றால் அதைத் தனியே வையுங்கள்.

நினைவிலும் கவனத்திலும் இடர்ப்படுபவர்களுக்கு, விதியை எப்போது வேண்டுமானாலும் மறுபடி திறந்து பார்க்கும் வசதியும், படிப்படியாக வெளிப்படும் குறிப்புகளும், பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஏற்பாடும் பெருந்துணையாகும். 2018இல் வந்த மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் போன்ற விளையாட்டுகள் புதிர்களை முற்றிலும் தாண்டிச் செல்லும் தேர்வை அளித்தன. கதையே முதன்மையாக உள்ள விளையாட்டுக்கு அது சரியானது. புதிரே விளையாட்டாக உள்ளபோது தாண்டும் பொத்தானை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குவது, விருந்துக்கு அழைத்துவிட்டு வெற்றிலையை மட்டும் நீட்டுவதற்கு ஒப்பாகும்.

கணக்குத் தொடங்கும் திரையையும் பாருங்கள். கோணலான எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் கேப்சா அங்கே இருந்தால், இதுவரை செய்த அத்தனையும் வாசலிலேயே வீணாகிவிடும். மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பை அனுப்பி உள்ளே விடுவது போதும்.

யாரிடம் காட்டுவது

மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், தகவல் தொழில்நுட்பத்தையும் பொழுதுபோக்கையும் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாக அணுகும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் உங்கள் விளையாட்டு சரியாக அமைந்திருக்கிறதா என்பதைச் சட்டத்தைப் படித்து அறிய முடியாது. ஆடுபவர்களைப் பார்த்தே அறிய வேண்டும். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. 1926இல் மலாக்காவில் தொடங்கப்பட்டுப் பின்னர் இடம்பெயர்ந்த, பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கோலஸ் இல்லம் பினாங்கில் இருக்கிறது. செவித்திறன் இல்லாத மாணவர்களுக்கான கூட்டரசுப் பள்ளியும் 1954 முதல் அதே தீவில் இயங்குகிறது. இத்தகைய அமைப்புகளுக்கு முறையாகக் கடிதம் எழுதி, என்ன ஆட்டம், எவ்வளவு நேரம், எவ்வளவு ஊதியம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஊதியம் கொடுப்பதை மறவாதீர்கள்; அவர்கள் உங்களுக்குச் செய்வது தொழில்முறைச் சோதனை. கோலாலம்பூரில் சந்திப்பதானால் கேஎல் சென்ட்ரலுக்கு அருகில் இடம் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸின் நடைபாதைகளில் பார்வையற்றோருக்கான தடவழிக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன, இரயிலிலிருந்து இறங்கி வருபவருக்கு அது உதவும்.

காகிதத்தில் வரைந்த முதல் மாதிரியின்போதே ஒருவரையாவது அழையுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் அழைத்தால், அவர் சொல்லும் குறைகளைக் கேட்டுக்கொள்ள முடியுமே தவிரத் திருத்த நேரம் இருக்காது. அவர் ஆடும்போது விடையையோ வழியையோ எடுத்துக்கொடுக்காமல் அமைதியாக இருந்து, எங்கே நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற இடம் புதிரின் சிந்தனையா, திரையின் தடையா என்று பிறகு அவரிடமே கேளுங்கள்; அதை அவரே திட்டவட்டமாகச் சொல்லிவிடுவார்.

வெளியிடும்போது, விளையாட்டின் விவரப் பக்கத்தில் எந்தெந்த வசதிகள் உள்ளன, எவை இன்னும் இல்லை என்பதைத் தமிழிலும் மலாயிலும் எழுதிவையுங்கள். "விசைப்பலகையால் முழுவதும் ஆடலாம், திரைவாசிப்பான் 20ஆம் கட்டம் வரை வேலை செய்யும், அதற்குப் பிந்தைய கட்டங்கள் அடுத்த பதிப்பில் வரும்" என்பதுபோல் தெளிவாக இருந்தால், பணம் கட்டிப் பதிவிறக்கம் செய்வதற்கு முன்பே ஒருவர் தமக்கு உகந்ததா என்று முடிவு செய்துகொள்ள முடியும்.