கொலுவில் ரயில் ஓட விடுவது எப்படி: ஒன்பது நாளும் நிற்காமல்

கொலு வைக்கிற வீடுகளில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா போடுவார்கள். கண்ணாடித் துண்டில் குளம், கடுகும் கேழ்வரகும் முளைத்த புல்வெளி, மூலையில் ஒரு மலை. அதில் ஒரு ரயிலும் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்து, ஒரு பேட்டரி ரயிலை வாங்கி, மூன்றாம் நாளே அது நின்றுபோய், மீதி நாளெல்லாம் அலங்காரமாக உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அதற்குப் பிறகுதான் நிஜ மாடல் ரயிலுக்கு மாறினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலு ரயில் என்பது ஒரு கண்காட்சி. தினமும் மாலை மூன்று மணி நேரம், ஒன்பது நாள் என்றால் நடுநடுவே ஓய்வு கொடுத்தாலும் இருபத்தேழு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அழகு இரண்டாம்பட்சம். நின்றுபோன ரயிலுக்குப் பின்னால் எவ்வளவு நல்ல மலை இருந்தாலும் குழந்தைகள் அடுத்த வீட்டுச் சுண்டலுக்குப் போய்விடுவார்கள். கீழே சொல்கிற எல்லாமே இதை வைத்துத்தான். மகாளய அமாவாசைக்கு மூன்று வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

முதலில் அளவு

மாடல் ரயிலில் பல அளவுகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எச்.ஓ. (HO) அளவுதான் என் சிபாரிசு. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது இதில் ஒரு மீட்டர். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இடைவெளி 16.5 மி.மீ. பிரிட்டிஷ்காரர்களின் ஓ.ஓ. (OO) அளவு 1:76 என்றாலும் அதுவும் இதே 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடும். அதனால் ஹார்ன்பி என்கிற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய ரயில் செட் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இதைவிடச் சின்னதான 'N' அளவு (1:160, பாதை 9 மி.மீ.) இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அந்தச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் உட்கார வைக்க நல்ல கண் வேண்டும். கொலு வெளிச்சத்தில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே குனிந்து அதைச் செய்துபாருங்கள், புரியும்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87 ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வருகிறது. 16.5 என்பது வெளிநாடுகளின் 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. ஆக, இந்திய வண்டியின் எச்.ஓ. மாடல் எதுவானாலும் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் ஓடும். இதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு மாமா கண்டிப்பாக வருவார். அவருக்கு இரண்டு கரண்டி சுண்டல் அதிகமாகப் போடுங்கள்.

பலகை

பிளைவுட் கடையில் 8×4 அடி ஷீட் கிடைக்கும். அதில் 6×4 போதும். 12 மி.மீ. கனம் வாங்கி, அங்கேயே 3×4 அடியாக இரண்டு துண்டு போடச் சொல்லுங்கள். ஒரே பலகையாக வைத்தால் வாசலில் திருப்ப முடியாது, பரணிலும் ஏறாது. நான் முதல் தடவை ஒரே பலகையாகச் செய்து, ஒரு வருஷம் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்கினேன். ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் ரீப்பர் கட்டையால் சட்டம் அடித்து, இரண்டு சட்டமும் சேர்கிற இடத்தில் துளை போட்டு போல்ட் மாட்டினால் பலகை தயார்.

மேலே 5 மி.மீ. ஃபோம் ஷீட் ஒட்டுங்கள், பழைய யோகா பாயை வெட்டினாலும் சரி. வெறும் பிளைவுட் மேல் ரயில் ஓடினால் தவில் மாதிரி அதிரும். கொலுவில் பாடுவதற்கு ஒருவர் ஆரம்பிக்கும்போதுதான் இந்த அருமை தெரியும்.

பாதை

ஓவல் மட்டும் போதும், முதல் வருஷம் கிளைப்பாதை எல்லாம் வேண்டாம். கிளை பிரிகிற ஒவ்வொரு இடமும் தடம் புரளக்கூடிய ஒரு இடம்.

வளைவு எவ்வளவு பெரியதோ அவ்வளவு நிம்மதி. கடைகளில் 371 மி.மீ. ஆரம், 438 மி.மீ. ஆரம் என்று வளைவுகள் இருக்கும். சின்னது வேண்டாம். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி நிஜத்தில் 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், மாடலில் 24 செ.மீ.க்கு மேல் வந்துவிடும், அவ்வளவு நீளம் 371-இல் திரும்பும்போது பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்கிற பொம்மையைத் தட்டிவிடும். 438 ஆரத்தில் 45 பாகை வளைவுகள் எட்டு, 168 மி.மீ. நேர்த்துண்டுகள் எட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு நாலு நேர்த்துண்டு. அதில் இரண்டு இந்தப் பலகையில், இரண்டு அந்தப் பலகையில். பலகை பிரிகிற இடத்திலேயே தண்டவாளமும் பிரியும், ரம்பம் எடுக்க வேண்டியதில்லை. மொத்தப் பாதை சுமார் 4.1 மீட்டர்.

இப்போது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது தண்டவாளம் அந்தச் சின்னத் தகட்டு ஜாயினருக்கு உள்ளே போக வேண்டும். பல சமயம் ஒரு பக்கம் உள்ளே போகும், இன்னொரு பக்கம் ஜாயினரின் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் கண்ணை நம்பாமல், ஒவ்வொரு மூட்டிலும் விரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். 'டிக்' என்று நகம் தட்டினால் சக்கரமும் அங்கே தட்டும். முப்பத்திரண்டு மூட்டையும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும்.

அடித்த பிறகு, இருப்பதிலேயே நீளமான பெட்டியின் நடுவில் ஒன்று, முனையில் ஒன்று என்று இரண்டு பக்கமும் பென்சிலை டேப் போட்டு ஒட்டிக் கையால் ஒரு சுற்று தள்ளுங்கள். பென்சில் கோடு போட்டுக்கொண்டே வரும். உள்பக்கக் கோட்டுக்கும் வெளிப்பக்கக் கோட்டுக்கும் நடுவில் மரமும் கூடாது, மனிதரும் கூடாது, பிள்ளையாரும் கூடாது.

மின்சாரம்

12 வோல்ட் டி.சி. தான். ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொன்று மைனஸ், எஞ்சின் சக்கரங்கள் வழியாக மோட்டாருக்குப் போகிறது. கன்ட்ரோலரைத் திருகினால் வோல்ட் கூடும், வேகம் கூடும். பிளஸ் மைனஸை மாற்றினால் பின்னால் ஓடும். தொட்டால் ஷாக் அடிக்காது, ஆனால் கன்ட்ரோலருக்கு வருகிற 230 வோல்ட் லைன் வேறு விஷயம், அதைக் குழந்தைகள் கைக்கும் கோலத் தண்ணீருக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரே இடத்தில் ஒயர் கொடுத்தால் எதிர்ப்பக்கம் போகும்போது ரயில் களைத்துப்போகும், ஏனென்றால் ஒவ்வொரு ஜாயினரிலும் கொஞ்சம் மின்சாரம் வீணாகிறது. ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக ஒரு ஜோடி ஒயர் சால்டர் செய்து கீழே இறக்குங்கள். உள் தண்டவாளத்துக்குச் சிவப்பு, வெளியே கருப்பு. மாற்றிக் கொடுத்தால் ஷார்ட்.

ஷார்ட் ஆவதற்கு ஹேர்பின் ஒன்று குறுக்கே விழுந்தாலே போதும். அதனால் ஷார்ட் ஆனால் தானே நிற்கிற கன்ட்ரோலராகப் பார்த்து வாங்குங்கள்.

மலை, புல், மண்

எல்லாருக்கும் ஊட்டி ரயில் மாதிரி மலை ஏற ஆசை. நீலகிரிப் பாதையின் செங்குத்தான பகுதி 12.5 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறுகிறது, அதற்காகத்தான் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவில், எஞ்சினின் பல் சக்கரம் பிடித்து ஏற, ஒரு பற்சட்டமே போட்டிருக்கிறார்கள். நம் மாடலுக்குப் பல் கிடையாது. 33-க்கு ஒன்று என்கிற ஏற்றத்திலேயே பெட்டிகளோடு முனக ஆரம்பித்துவிடும். ஆகவே ரயிலை மலை மேல் ஏற்றாதீர்கள், மலையை ரயில் மேல் கவிழ்த்துவிடுங்கள். தெர்மகோலைச் செதுக்கி, காகிதக் கூழ் பூசி, நடுவில் குகை. பின்பக்கம் மட்டும் திறந்தே இருக்கட்டும். தடம் புரள்வது எப்போதும் குகைக்குள்தான், கை நுழைய வழி வேண்டும்.

புல்லுக்கு மரத்தூளில் பச்சைச் சாயம், மண்ணுக்குக் காய வைத்த டீத்தூள் சக்கை. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுத் தெளித்தால் பிடித்துக்கொள்ளும். ஆற்று மணல் போடுவதானால் முதலில் ஒரு காந்தத்தை அதில் புரட்டுங்கள். காந்தம் கறுப்பு மீசையோடு வெளியே வரும். அத்தனையும் இரும்புத் தாதுத் துகள், விட்டிருந்தால் மோட்டாருக்குள் போயிருக்கும்.

முளைப்பயிரைப் பலகையில் விதைக்க வேண்டாம். ஈரமும் மின்சாரமும் மரமும் ஒத்துப்போகாது. தட்டில் நாலைந்து நாள் முன்பே விதைத்து, தட்டோடு ஓவலின் நடுவில் வையுங்கள்.

அளவுப் பொருத்தம் பற்றி ஒரு வார்த்தை. எச்.ஓ. மனிதர் இரண்டு செ.மீ.கூட இருக்க மாட்டார். எங்கள் செட்டியார் பொம்மை, மளிகைக் கடையோடு, ஸ்டேஷனைவிட உயரம். அவரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஸ்டேஷன் பலகை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். மஞ்சளில் கருப்பு எழுத்து, மூன்று மொழி, கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். எங்கள் 'கொலுப்பட்டி'யின் பலகையில் கடல் மட்டத்துக்குப் பதில் 'தரை மட்டத்திலிருந்து 0.75 மீ.' என்று எழுதினேன். மேஜையின் உயரம் அது.

ஓட்டுவது

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிஜத்தில் 60 கி.மீ. வேகம் என்றால் நம் பாதையில் ஒரு சுற்றுக்கு 21 விநாடி ஆக வேண்டும். அக்கா மகள் கன்ட்ரோலரைப் பிடித்தால் ஆறு விநாடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், மணிக்கு 214 கி.மீ. வருகிறது, வந்தே பாரத் தோற்றது. வளைவில் புரளாமல் என்ன செய்யும்? கன்ட்ரோலரில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டாதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன்.

பத்து நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்துங்கள், மோட்டார் சூடாறட்டும். அந்த இடைவெளியில் வந்திருக்கும் குழந்தைகளில் ஒன்றை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கி, பச்சைக் கொடியும் விசிலும் கொடுத்து, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று சொல்ல வையுங்கள். கொடி பிடித்த கை ரயிலைத் தொடாது. 'தொடாதே' என்று பத்துத் தடவை கத்துவதைவிட இது வேலை செய்கிறது.

தினமும் விளக்கேற்றுவதற்கு முன்னால், சாயங்காலம் நாலரை மணிக்கே, தண்டவாளத்தைத் துடையுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணி, நூல் பிரியாததாக. விளக்கு எரியும்போது அந்த பாட்டில் அறையிலேயே இருக்கக் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் புகையும் தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், விழுகிற கீறலில் இன்னும் அழுக்குச் சேரும்.

இவ்வளவு செய்தும் இரண்டாம் வருஷம் ஐந்தாம் நாள் எஞ்சின் முனகிக்கொண்டே வந்து நின்றது. ஒயரைப் பார்த்தேன், ஜாயினரைப் பார்த்தேன், கன்ட்ரோலரையே மாற்றிப் பார்த்தேன். கடைசியில் எஞ்சினைக் கவிழ்த்து டார்ச் அடித்தால், முன் அச்சில் மயிரிழை மாதிரி வாழைநார். மல்லிகைச் சரத்திலிருந்து உதிர்ந்த ஒரு இழை, பல் சக்கரத்தில் சுற்றிச் சுற்றிக் கயிறாகவே இறுகியிருந்தது. ட்வீசரால் எடுக்க அரை மணி. அன்றிலிருந்து பூ தொடுப்பது அடுத்த அறையில்தான், எஞ்சினை தினமும் ஒரு தடவை கவிழ்த்துப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது.

ஆயுத பூஜை, விஜயதசமி

ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. நிஜ ரயில் ஷெட்களிலேயே எஞ்சினுக்கு மாலை போட்டுக் கும்பிடுவார்கள், நம் எஞ்சினுக்கும் பொட்டு உண்டு. முகப்பில் வையுங்கள், சக்கரத்தில் வேண்டாம். பூஜையில் வைத்ததை அன்று எடுத்து ஓட்டக்கூடாது என்பது பாட்டியின் தீர்ப்பு, அதனால் கையில் இரண்டாவது எஞ்சின் ஒன்று இருந்தால் நல்லது.

பிரித்து வைக்கும்போது ரயிலைப் பொம்மைப் பெட்டியில் போடாதீர்கள். பொம்மைகளோடு பாச்சை உருண்டை போடுவோம், அந்த நாப்தலீன் சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தனிப்பெட்டி, டிஷ்யூ காகிதம், இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம். ஜாயினர்களை எண்ணி ஒரு டப்பாவில்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்போது, கூடவே ஒரு ரயில் பெட்டியையும் படுக்க வைத்தேன். பாட்டி பார்த்துவிட்டு, "ஏண்டா, ரயிலைக் கவிழ்த்து வைக்கிறியே, நல்லாவா இருக்கு? எடுத்து நிறுத்து!" என்றாள். நிறுத்திவிட்டு, உள்ளே விளக்கை மட்டும் அணைத்தேன்.