தடாமி பாதையில் இரண்டு நாள்: ஜப்பானைச் சாவகாசமாகச் சுற்றும் முறை

ஜப்பானின் மலைக்கிராமங்களை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர் ரயில் பாஸை மறந்துவிடலாம். 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆனது. புல்லட் ரயிலில் நெடுந்தூரம் ஓடினால்தான் அந்தப் பணம் தேறும். ஒரே கிளைப்பாதையில் இறங்கி ஏறிப் போக, சாதாரணக் காகிதச் சீட்டே மேல்.

காரணம், ‘தொச்சூ கெஷா’ என்ற விதி. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) சீட்டின் தூரம் 100 கி.மீ.யைத் தாண்டினால், வழியில் எந்த நிலையத்திலும் வெளியே போய்வந்து அதே சீட்டில் தொடரலாம். 200 கி.மீ. வரை 2 நாள் செல்லும். அதற்கு மேல் ஒவ்வொரு 200 கி.மீ.க்கும் ஒரு நாள் கூடும். வந்த வழியே திரும்பினால் தனிக் கட்டணம். டோக்கியோ, ஒசாகா போன்ற பெருநகரங்களின் புறநகர் வட்டத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் சீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. வாங்கும்போதே ‘தொச்சூ கெஷா தெகிமாசு கா?’ (வழியில் இறங்கி ஏறலாமா?) என்று கேட்டுவிடுங்கள். வாசலில் தட்டிக் கட்டணம் செலுத்தும் சுயிகா அட்டையை நம்பிக் கிளம்பாதீர்கள். நகரத்தில் தட்டி ஏறி, அட்டை வசதியில்லாத நிலையத்தில் இறங்கினால் ரொக்கம் கட்ட வேண்டும். அட்டையைப் பிறகு வேறு நிலையத்தில் சரிசெய்ய வேண்டும்.

பழகிக்கொள்ள நல்ல பாதை ஐஸு-வகமட்சுவிலிருந்து கொய்தே வரை போகும் தடாமி ரயில் பாதை. நீளம் 135.2 கி.மீ., ஆகவே இரண்டு நாள் சீட்டு. டோக்கியோவிலிருந்து கோரியாமாவுக்குப் புல்லட் ரயில், அங்கிருந்து ஐஸு-வகமட்சுவுக்குப் பான்எட்சு மேற்கு ரயில் பாதையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். 2011 ஜூலை வெள்ளம் பாலங்களை அடித்துப்போனதால் ஐஸு-கவகுச்சி - தடாமி இடையே 2022 அக்டோபர் 1 வரை ரயிலே ஓடவில்லை. இப்போதும் அந்தத் துண்டில் ஒரு திசைக்கு நாளொன்றுக்கு மூன்றே ரயில்கள். ஒன்றைத் தவறவிட்டால் பல மணி நேரம் போய்விடும். எனவே இரண்டாம் நாள் ரயிலை முதலில் உறுதிசெய்து, பிறகு தங்குமிடம், கடைசியாக முதல் நாள் நிறுத்தங்கள். ஐஸு-யனைஸுவில் இறங்கி, ஆற்றை நோக்கிய பாறைமேல் நிற்கும் என்சோஜி கோயிலைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பது சரியாக இருக்கும். இரவு கனெயாமா ஊர்ப்பகுதியில் தங்கலாம்.

விடுதியை இரண்டு வேளை உணவோடு பதிவுசெய்யுங்கள். மாலையில் வெளியே சாப்பிட இடம் கிடைப்பது அரிது. இரவுணவு பெரும்பாலும் ஆறு மணிவாக்கில், அதனால் ஐந்துக்குள் போய்ச் சேருங்கள். சைவம் என்றால் பதிவின்போதே சொல்லுங்கள். ‘இறைச்சி, மீன் வேண்டாம்’ என்பது மட்டும் போதாது: சூப்பிலும் குழம்பிலும் ‘தாஷி’ என்ற மீன் சாறு இருக்கும். அதையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும்.

ஓட்டுநர் மட்டுமே இருக்கும் ‘வான்மன்’ ரயிலில், ஆளில்லாத நிலையத்தில் பின்கதவில் ஏறி முன்கதவில் இறங்குவதே வழக்கம். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்துங்கள். சீட்டை ஓட்டுநரிடம் காட்டிவிட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கட்டணப் பெட்டியில் போட்டுவிட்டால் மீதிப் பயணம் போயிற்று. சீட்டில்லாமல் ஏறினால், வாசலில் எண் சீட்டை எடுத்து, இறங்கும்போது முன்பலகையில் அந்த எண்ணுக்குக் காட்டும் தொகையைக் கட்டணப் பெட்டியில் போடுங்கள். உள்ளே இருக்கும் சில்லறை இயந்திரம் பெரும்பாலும் 1,000 யென் நோட்டைத்தான் ஏற்கும். 10,000 யென் நோட்டோடு ஏறுவது வம்பு.

பெரிய பெட்டியை நகர விடுதியிலிருந்தே ‘தக்யூபின்’ என்ற பொதி அனுப்பும் சேவை மூலம் அடுத்த நகர விடுதிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் துணியோடு கிளம்புங்கள். இலை நிறம் மாறும் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் நின்றுகொண்டே போக நேரலாம். ஜனவரி, பிப்ரவரியில் பனியால் ரயில் நிற்பதுண்டு; அப்போது போகிறவர், கொய்தேயிலிருந்து உரசா வழியாகப் புல்லட் ரயிலில் டோக்கியோ திரும்பும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு நாளைக் காலியாக விடுங்கள்.